சிறைப்புறத்துக் கேள்வி: பிரித்தானிய வானொலியின் ஒரு நாட் பேச்சு

கேள்வி என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. அது வினாவைக் குறிக்கும். செவியாற் பெறும் அறிவையும் குறிக்கும். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என ஓர் அதிகாரம் தனியே வகுத்தார். கற்றுப் பெறுவது ஒன்று, கேட்டுப் பெறுவது மற்றொன்று என்பது அவர்தம் வைப்பு முறையாலேயே விளங்கும். ஆயினும் நம் திறனாய்வு, எழுத்தில் நின்ற நூலையே பெரிதும் நோக்குகின்றது. மேடை நாடகத்தையும் திரைப்படத்தையும் ஓரளவு நோக்குகின்றது. வானொலியில் நாள்தோறும் எழுந்து மறையும் பேச்சை ஆராய்தற்குரிய கருவி நம்மிடம் இல்லை என்றே பலரும் வாளா இருந்துவிட்டனர். அக்கருவி தொல்காப்பியச் செய்யுளியலில் உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தொல்காப்பியர் கூறிய செய்யுள் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் என்பனவும் அடங்கும். ஒரு கூற்றைச் சொல்லுவார் யார், கேட்பார் யார், எவ்விடத்து, எப்பொழுது என்பன தெளிந்தாலன்றிச் செய்யுட்பொருள் விளங்காது என்பது அவர் கருத்து. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளைப் பயின்றோர் இதனை நன்கு அறிவர். அவற்றுள்ளும் சிறைப்புறம் என்னும் துறை தனிச்சிறப்பு உடையது. தோழி தலைவியை நோக்கிப் பேசுகின்றாள். ஆனால் அவள் பேச்சின் இலக்கு, வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கும் தலைவன். முன்னிலையாக நிற்பவர் ஒருவர். உண்மையிற் கேட்க வேண்டியவர் மற்றொருவர். வானொலியின் முன் அமர்ந்திருக்கும் நேயர் இந்நிலையினரே என யான் கருதுகின்றேன்.

இக்கொள்கையை ஆராய்தற்குப் பி.பி.சி. எனப்படும் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் ரேடியோ 4 என்னும் அலைவரிசையை எடுத்துக்கொண்டேன். அது 1967 செப்டம்பர் 30-ஆம் நாள் பழைய ஓம் சர்வீசின் இடத்தில் தோன்றியது. இசை அங்கே அருகியே ஒலிக்கும். விடியலுக்கு முன் தொடங்கி மறுநாள் இரவு ஒரு மணி வரையில் செய்தி, உசாவல், உரை, நாடகம், நகைச்சுவை, நூல் வாசிப்பு, வானிலை எனப் பேச்சே நாளை நிரப்புகின்றது. ஒரு நாட்டின் பேச்சு வகைகளை ஒருங்கே காண்பதற்கு இதனினும் பொருந்திய களன் கிடைத்தல் அரிது. தமிழர்க்கு இக்கழகம் அயலானதும் அன்று. 1941-இல் தொடங்கிய அதன் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்பிரல் வரையில் நடந்தது. அதற்குத் தமிழோசை எனப் பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரம், ஒலிபரப்புக் கலை என்னும் நூலைத் தமிழில் எழுதியவர். நம் மொழியில் இத்துறைக்கு வழிகாட்டிய அந்நூலைத் தமிழ்த் துறைகள் பாடமாகக் கொள்ளாமை வியப்பிற்குரியது.

வானொலிப் பேச்சுக்கு இலக்கணம் வகுக்க முயன்றவர்களுள் இல்டா மாதிசன் என்னும் அம்மையார் முதன்மையானவர். 1927-இல் அக்கழகத்தின் பேச்சுத் துறைக்கு இயக்குநரானவர். கழகத் தலைவர் ரீத்துடன் கருத்து வேறுபட்டு விலகியவர். 1933-இல் ஒலிபரப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டவர். மேடையில் முழங்குவோரும் வகுப்பில் விரிவுரை நிகழ்த்துவோரும் ஒலிவாங்கியின் முன் தோற்றுப்போவதை அவர் கண்டார். கேட்பவர் திரள் அல்லர். தம் வீட்டில் தனித்தோ சிலரோடு கூடியோ இருக்கும் ஒருவர். ஆதலின் அவ்வொருவரோடு பேசுவது போலப் பேசவேண்டும் என்றார். அதற்காக உரைகளை முன்னரே எழுதச் செய்து, பேச்சு நடைக்குத் திருத்தி, ஒத்திகையும் பார்க்கச் செய்தார். எழுதியதை எழுதாததுபோற் பேசுதல் என்னும் அரிய செயற்கை இவ்வாறு பிறந்தது. இஃது அவர் செய்த பெருந்தொண்டு என்பதில் ஐயம் இல்லை. எனினும் அவர் கொள்கை நேயரை முன்னிலையாகவே வைக்கின்றது. என் கருத்து இதனின் வேறு. வானொலிப் பேச்சு பெரும்பாலும் நேயரை முன்னிலையாக்கும்போது மெலிகின்றது. அவரைச் சிறைப்புறத்து நிறுத்தும்போதே வலுப்பெறுகின்றது.

காலை ஆறு மணி முதல் மூன்று மணி நேரம் நிகழும் டுடே என்னும் நிகழ்ச்சியிலேயே இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். இந்நிகழ்ச்சி 1957 அக்டோபரில் தொடங்கியது. இதனுள் ஏழே முக்கால் மணியளவில் அன்றைய சிந்தனை என்னும் பொருள்படும் ஓர் உரை மூன்று நிமிடத்திற்குள் அமையும். 1970 முதல் நடந்துவரும் அவ்வுரையைக் கிறித்தவர், யூதர், இசுலாமியர், இந்துக்கள், சீக்கியர் முதலிய சமயத்தார் முறையே நிகழ்த்துவர். சமயம் சாராதாரையும் அழைத்தல் வேண்டும் என்னும் முறையீடு 2009-இல் ஏற்கப்படவில்லை. என் தடை யார் பேசுகின்றார் என்பது பற்றியது அன்று. உரையின் வடிவம் பற்றியது. நாட்செய்தி ஒன்று கூறப்படும். ஓர் இணைப்புச் சொல் வரும். பின்னர் மறைநூற் கருத்து வந்து அமரும். தண்டியார் கூறிய வேற்றுப்பொருள் வைப்பு அணியை ஆண்டு முழுதும் காலைதோறும் கேட்டாற் செவி சலியாதோ? நேயரை நேர்நோக்கி அறம் கூறும் அப்பேச்சில், அவர் எட்டிக் கேட்பதற்குரிய வேலி எதுவும் இல்லை.

அதனை அடுத்து, எட்டு மணிச் செய்திக்குப் பின், அமைச்சர் ஒருவரை உசாவும் பகுதி வருதல் வழக்கம். இது முழுதும் சிறைப்புறப் பேச்சு. உசாவுவார் அமைச்சரை நோக்கி வினவுகின்றார். அமைச்சர் உசாவுவாரை நோக்கி விடையிறுக்கின்றார். இருவர் பேச்சும் சென்று சேரவேண்டிய இடம் அடுக்களையிலும் வண்டியிலும் இருக்கும் நேயர் செவி. நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். இங்கே உசாவுவார் வினவுவது பெரும்பாலும் அறிவினா. விடை அவருக்குத் தெரியும். அவ்விடை அமைச்சர் வாயால் வெளிப்படவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆசிரியன் மாணாக்கனை வினவும் முறை அது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர்விடைகள். இவற்றை அமைச்சர் ஆளுதல் அரிது. வினாவெதிர் வினாதலும் உற்றதுரைத்தலும் ஓரளவு வரும். மிகுதியாக வருவது இனமொழி. ஆடுவாயோ என்றார்க்குப் பாடுவேன் என்பது உரையாசிரியர் காட்டு. வரி கூடுமோ என்றார்க்கு மருத்துவமனை கட்டுவோம் என்பது இந்நிகழ்ச்சியின் காட்டு எனலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நன்னூலார் பின் ஐந்தையும் விடையாக ஒப்பியதற்குக் காரணம், அவை குறிப்பாலேனும் வினாவின் பொருளைத் தருதல். பாடுவேன் என்றவன் ஆடேன் என்பதை உணர்த்திவிட்டான். அரசியலார் இனமொழியோ பொருளை உணர்த்துதற்கு அன்றி மறைத்தற்கே ஆளப்படுகின்றது. எனவே அது விடைபோன்ற தோற்றமே அன்றி விடை அன்று. ஆயினும் வேலிக்கு அப்பால் நிற்கும் நேயர் அம்மறைப்பையே விடையாகக் கொள்கின்றார். சொல்லாமை ஆகிய அச்சொல்லைக் கேட்பதற்காகவே மக்கள் இப்பகுதியை நாடுகின்றனர். 1987 முதல் 2019 வரையில் இங்கு உசாவிய சான் அம்பிரிசு போன்றோர் இடைமறித்து வினவும் முறை கடுமையானது எனச் சிலர் குறை கூறினர். அக்கடுமை ஓரளவு வேண்டுவதே. ஆனால் இடைமறிப்பே நோக்கமாகிவிட்டால் அமைச்சர் மறைத்தது யாது என்பதும் நேயர்க்குக் கிட்டாது போகின்றது. அவ்வகையில் இக்குறை முற்றும் புறக்கணிக்கத்தக்கது அன்று.

வியாழன் காலையில் வரும் இன் அவர் டைம் என்னும் நிகழ்ச்சி இதற்கு மறுதலை. 1998 முதல் 2025 வரையில் மெல்வின் பிராக் இதனை நடத்தினார்; ஆயிரத்திற்கு மேற்பட்ட பொருள்கள் ஆராயப்பட்டன. பல்கலைக்கழக ஆசிரியர் மூவரை வைத்து, வானியலோ வரலாறோ காப்பியமோ ஏதேனும் ஒன்றைப் பற்றி அவர் வினவுவார். குறிப்புகளை முன்னரே படித்து வந்தவராயினும் அறியான் வினாவாகவே வினவுவார். தாம் அறிந்ததை மறந்து நேயரின் அறியாமையைத் தாம் ஏற்றுக்கொள்ளும் இது, தோழி தலைவியின் துயரைத் தன் துயராகக் கூறும் மரபுக்கு ஒப்பது. நம் ஆய்வரங்குகளில் வினவுவோர் தம் புலமையைக் காட்டுதற்கே வினவுதல் நினைவுக்கு வருகின்றது, அது நிற்க.

நண்பகல் நிகழ்ச்சிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மகளிர்க்குரிய உமன்சு அவர் என்னும் நிகழ்ச்சியில் மட்டும் ஓர் உண்மை குறிக்கத்தக்கது. 1946 அக்டோபரில் இது தொடங்கியபோது பிற்பகல் இரண்டு மணிக்கு ஒலித்தது. நடத்தியவர் ஓர் ஆடவர். உணவு முடித்து ஓய்ந்திருக்கும் இல்லக்கிழத்தியே அதன் கேட்போர். 1991-இல் அது காலைக்கு மாற்றப்பட்டது. இல்லத்திலிருந்து ஓய்வாகக் கேட்ட அவ்வகை நேயர் அருகிவிட்டனர். பெயர் மட்டும் நிலைத்தது. கேட்போர் மாறக் கூற்றும் மாறுதலை இங்குக் காணலாம். பிற்பகல் நாடகங்களுள் நல்லனவும் உண்டு, அல்லனவும் உண்டு. கதவு திறப்பதும் கோப்பை ஒலிப்பதும் மிகுந்துவிட்டால் நாடகம் ஒலிக்கடையாகிவிடும். வானொலிக்கென்றே எழுதப்பட்டு 1924 சனவரியில் இலண்டனில் ஒலிபரப்பான முதல் நாடகம், ரிச்சர்டு இயூசு இயற்றியது. விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கமே அதன் களன். மாந்தர்க்கும் ஒன்றும் தெரியாது, நேயர்க்கும் ஒன்றும் தெரியாது. களன் என்னும் உறுப்பை அவர் உணர்ந்த அளவு பின்வந்தோர் பலர் உணர்ந்திலர்.

மாலை ஏழு மணிக்கு வரும் ஆர்ச்சர்சு என்னும் தொடர் நாடகமே இந்நாளின் நடுநாயகம். உலகில் மிக நெடுங்காலம் நடந்துவரும் தொடர் நாடகம் அது. 1951 சனவரி முதல் நாள் நாடு முழுதும் ஒலிக்கத் தொடங்கியது. அம்பிரிட்சு என்னும் கற்பனைச் சிற்றூரில் உழவர் குடும்பம் ஒன்றின் வாழ்வைக் கூறுவது. போருக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், புதிய உழவு முறைகளை உழவர்க்கு அறிவித்தல் அதன் முதல் நோக்கம். உழவரை நேர்நோக்கி அறிவுரை கூறின் அவர் கேளார் என்பதைத் தோற்றுவித்த காட்பிரே பேசிலி அறிந்திருந்தார். ஆதலின் நாடகத்து உழவன் ஒருவன் மற்றோர் உழவனுக்கு மாட்டு நோயைப் பற்றிச் சொல்லுவான். மெய்யான உழவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்பான். சிறைப்புறம் என்னும் துறையை அரசின் வேளாண்மைத் துறை அறியாமலே மேற்கொண்டது என்றால் மிகையாகாது. கற்பிக்கும் அந்நோக்கம் 1972-இல் கைவிடப்பட்டது. கூற்று முறையோ எஞ்சி நின்று வேறொரு பயனைத் தந்தது.

அப்பயனை 2013 முதல் 2016 வரையில் நடந்த கதைப்பகுதி காட்டும். எலன் என்பாளை அவள் கணவன் இராப் சிறிது சிறிதாக அடக்கி ஆளுகின்றான். அவன் குரல் உயர்வதில்லை, இன்சொல்லே பேசுகின்றான். அவள் அணியும் ஆடையும் நண்பரும் பணமும் ஒவ்வொன்றாக அவன் வயப்படுகின்றன. ஊராரும் அவள் தாயும் அவனை நல்லவன் என்றே நம்புகின்றனர். நேயர் ஒருவரே வீட்டினுள் நிகழ்வதையும் வெளியே பேசப்படுவதையும் ஒருங்கே கேட்கின்றார். ஆனால் அவரால் ஒன்றும் செய்தல் இயலாது. பதின்மூன்று நிமிடம் நாள்தோறும், இரண்டரை ஆண்டு இந்நிலை நீடித்தது. 2016 ஏப்பிரலில் எலன் அவனைக் கத்தியாற் குத்தினாள். செப்டம்பரில் வழக்கு நடந்து விடுதலை பெற்றாள். அதற்குள் நேயர் சிலர் தொடங்கிய நிதி, இல்லக்கொடுமைக்கு ஆளான மகளிர்க்கு உதவும் ரெபியூசு என்னும் அமைப்புக்கு ஓர் இலட்சம் பவுனுக்கு மேல் ஈட்டியிருந்தது. கதை இழுத்துச் செல்லப்பட்டது எனத் திறனாய்வாளர் சிலர் சலித்துக் கொண்டனர். அச்சலிப்பு இந்நாடகத்தின் காலம் என்னும் உறுப்பை அறியாமையால் எழுந்தது. மூன்று மணி நேர மேடை நாடகம் கொடுமையைக் காட்ட இயலும். கொடுமை வழக்கமாகிப் போதலைக் காட்ட இயலாது. உண்மை வாழ்வின் நாட்களோடு ஒத்து நடக்கும் நாடகமே அதற்கு ஏற்றது.

எனக்கு மாறாக ஒரு சான்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. 1946 முதல் 2004 வரையில் ஆலிசுடர் குக் அமெரிக்காவிலிருந்து வாரந்தோறும் நிகழ்த்திய 2,869 உரைகள் நேயரை நேர்நோக்கிப் பேசியவையே. இன்றும் அவை சுவை குன்றாதவை. மாதிசன் அம்மையாரின் கொள்கைக்கு அவற்றினும் சிறந்த இலக்கியம் இல்லை. கடிதம் என்னும் பெயர் பூண்டமையால், பிறர்க்கு எழுதிய மடலை எட்டிப் படிப்பார் போல் நேயர் ஆயினர் என வாதிட்டு இதனையும் என் கொள்கையுள் அடக்கலாம். அவ்வாறு வலிந்து அடக்க யான் விரும்பவில்லை. பேராற்றல் வாய்ந்த ஒருவரிடம் முன்னிலைப் பேச்சும் வெல்லும் என்று கொள்வதே நேர்மை.

நள்ளிரவில் வெசுட்மின்சுடர் மணிக்கூண்டின் ஓசை நேரே ஒலிபரப்பப்பட்டுச் செய்தி வாசிக்கப்படும். அதன்பின் ஒரு மணிக்குச் சற்று முன்பாகக் கப்பல் வானிலை அறிக்கை வரும். இதன் பிறப்பு துயரமானது. 1859-இல் ஆங்கிலசித் தீவருகே இராயல் சார்ட்டர் என்னும் கப்பல் புயலில் உடைந்து நானூற்றுவர்க்கு மேல் மாண்டனர். பீகிள் கப்பலின் தலைவராக இருந்தவரும் வானிலைத் துறையை நிறுவியவருமான பிட்சுராய், அதன்பின் 1861-இல் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை விடுத்தார். 1920-களில் அது வானொலிக்கு வந்தது. இன்று பிரித்தானியத் தீவுகளைச் சூழ்ந்த கடல் முப்பத்தொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வைக்கிங் தொடங்கித் தென்கிழக்கு ஐசுலாந்து ஈறாக அவை வலமாகவே கூறப்படும். மொத்தம் 350 சொற்களுக்கு மேற்படலாகாது. திரபால்கர் என்னும் பகுதியும் சேரும் நள்ளிரவு அறிக்கைக்கு மட்டும் 380 சொல் வரை இடமுண்டு.

இவ்வறிக்கையின் மொழி இலக்கணம் பயில்வார்க்கு விருந்து. காற்று என்னும் சொல் கூறப்படுவதில்லை; அதன் திசை மட்டும் வரும். விசை என்னும் சொல் தொக்கு நிற்க, எண் மட்டும் வரும். காட்சித் தொலைவு என்பதும் கூறப்படாது. நன்று, நடுத்தரம், தீது என்னும் சொல் மட்டும் இறுதியில் நிற்கும். நன்று எனின் ஐந்து கடல்மைலுக்கு மேல் தெரியும் என்பது பொருள். விரைவில் எனின் ஆறு முதல் பன்னிரண்டு மணிக்குள். பின்னர் எனின் பன்னிரண்டுக்கு மேல், இருபத்து நான்கிற்குள். சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் நூலுக்குரிய அழகுகள் என்பர் இலக்கண நூலார். இரண்டும் ஒருங்கே அமைந்த உரைநடை இதனிற் பிறிதொன்று யான் கேட்டதில்லை. குறியீடு அறிந்தோர்க்கு ஒவ்வொரு சொல்லும் உயிர்காக்கும் பொருள் உடையது. அறியாதார்க்கு இடப்பெயர்களின் நீண்ட ஓசை.

அறியாதாரே இன்று மிகுதி. கப்பல்களுக்கு வேறு கருவிகள் வந்துவிட்டன. படுக்கையில் கிடந்து துயில் வரக் காத்திருப்போர் இவ்வறிக்கையின் நேயராயினர். அவரை நோக்கி ஒரு சொல்லும் இதில் இல்லை. கடலில் நிற்கும் ஒருவனை நோக்கிய பேச்சை நிலத்திற் கிடப்போர் எட்டிக் கேட்கின்றனர். நன்று என்னும் சொல் தம்மையே குறித்தது போல் ஆறுதல் கொள்கின்றனர். 1995-இல் இந்நள்ளிரவு அறிக்கையைப் பன்னிரண்டு நிமிடம் தள்ளிவைக்க முற்பட்டபோது செய்தித்தாள்கள் சினந்தன, பாராளுமன்றத்திற் பேசப்பட்டது, எண்ணம் கைவிடப்பட்டது. சீமசு ஈனியும் கரோல் ஆன் டபியும் இதன் இடப்பெயர்களைத் தம் கவிதைகளில் அமைத்தனர். பழமை மீது கொண்ட வெறும் பற்று இது என்பார் உளர். பற்று உண்டு என்பது உண்மையே. ஆயினும் பழமையான நிகழ்ச்சிகள் பல இவ்வாறு போற்றப்படாமல் மறைந்தன. இவ்வறிக்கை நேயரிடம் எதனையும் வேண்டவில்லை, அவரை மகிழ்விக்கவும் முயலவில்லை என்பதே அதன் ஆற்றலுக்குக் காரணம் என்பது என் கருத்து.

2018-இல் இக்கழகம் சவுண்ட்சு என்னும் செயலியை வெளியிட்டது. அதன்பின் நிகழ்ச்சிகளை நாளினின்றும் பிரித்து, வேண்டியபொழுது வேண்டியதை மட்டும் கேட்டல் எளிதாயிற்று. இதனால் வந்த நன்மை பெரிது. அயல்நாட்டில் இருந்து யான் பலவற்றை மீளக் கேட்க இயன்றதும் சேமித்து வைக்கும் இம்முறையாலேயே. ஆனால் தொகை நூலைப் பிரித்துத் தனிப்பாடலாகப் படிக்கும்போது நேரும் இழப்பு இங்கும் நேர்கின்றது. தொகுத்தோன் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த முறைக்கும் பொருள் உண்டு. அமைச்சரின் இனமொழியைக் கேட்ட செவியே மாலையில் இராபின் இன்சொல்லைக் கேட்டது. சொல்லப்படாததைக் கேட்கும் பயிற்சியை அச்செவி காலையிலேயே பெற்றிருந்தது. எலன் கதையைத் தொடர்ச்சியாக ஒரே நாளிற் கேட்டு முடிப்பவர் நிகழ்ச்சிகளை எல்லாம் அறிவர். அன்று நேயர் அடைந்த இரண்டரை ஆண்டுக் காத்திருப்பை அறியார். கப்பல் அறிக்கை ஒன்றே இச்சேமிப்புக்கு உட்படாதது. நேற்றைய அறிக்கையை இன்று கேட்கும் மாலுமிக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. படுக்கையிற் கிடப்பவரும் அதனைத் தேடி எடுத்துக் கேட்பதினும் அது வரும்வரை விழித்திருப்பதையே விரும்புகின்றனர்.